வீட்டுக்குள் வளர்க்கச் சிறிய அடுக்கிலைச் செடிகள்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், ரோசாப்பூ விரிந்ததுபோல் இலைகளை வட்டமாக அடுக்கி வைத்திருக்கும் சதைப்பற்றுச் செடிகள் இப்போது எங்கள் பக்கத்திலும் வீடு வீடாக வந்துவிட்டன. பிறந்தநாள் பரிசாகக் கிடைக்கின்றன. பாடசாலைச் சுற்றுலா போன பிள்ளைகள் மலைநாட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள். ஏ9 வீதியோரம் பூச்சாடி விற்கும் இடங்களிலும் கண்ணில் படுகின்றன. என் வீட்டு விறாந்தையில் இவற்றைக் காண்பவர்களும், பள்ளிக்கூட வாசலில் நிறுத்திப் பேசும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் செடிகளை அழகு பார்த்துத் தெரிவு செய்யக் கூடாது. அது வன்னியின் இரவுச் சூட்டைத் தாங்குமா என்று பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

இவை எல்லாம் ஒரே இனம்தானே? பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கின்றனவே.

இல்லை. தண்ணீர் கிடைக்காத இடங்களில் வாழப் பழகிய வெவ்வேறு குடும்பங்கள் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கடைகளில் காண்பவற்றை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். முதலாவது கற்றாழைக் கூட்டம்: ஹவோர்த்தியா, கஸ்டீரியா, குட்டைக் கற்றாழைகள். இவற்றின் தாயகம் பெரும்பாலும் தென்னாபிரிக்கா. இரண்டாவது, எங்கள் வேலியோரத்து ரணகள்ளி சேர்ந்த கூட்டம்: எச்செவேரியா, கிராப்டோபெட்டலம், செம்பர்விவம், ஏயோனியம். மெக்சிக்கோ, ஐரோப்பிய மலைகள், கனரித் தீவுகள் என்று பல திசைகளிலிருந்து வந்தவை. மூன்றாவது மருள் கூட்டம். காட்டோரத்தில் வாள் போல நிமிர்ந்து நிற்கும் மருளுக்கு உறவான குட்டை வகை ஒன்று, பறவைக்கூடு போல வட்டமாக விரிந்து வளரும். கடைகளில் அதை ‘ஹானி’ என்கிறார்கள்.

எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொண்டாலே பராமரிப்பில் பாதி தெரிந்துவிடும்.

வன்னி வெக்கைக்கு எது தாங்கும்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், ரீச்சர்.

ஒரே பெயர் என்றால் குட்டை மருள். அதன் மூதாதை மேற்கு ஆபிரிக்காவின் வெப்பப் பகுதியைச் சேர்ந்தது. சூடான இரவு அதற்குப் பழக்கமானது. வெளிச்சம் குறைந்த மூலையிலும் உயிரோடிருக்கும். மறந்து ஒரு மாதம் தண்ணீர் விடாவிட்டாலும் சாகாது.

அடுத்தது வெள்ளை வரி போட்ட ஹவோர்த்தியா. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். மூன்றாவதாகக் கஸ்டீரியாவைச் சொல்வேன். நாக்குப் போன்ற தடித்த இலைகள். இளம் கன்றில் அவை இரண்டு பக்கமாக மட்டும் அடுக்கியிருக்கும், பல வகைகளில் வளர வளரத்தான் வட்டம் வரும். ஆகவே கடையில் பார்த்து ‘இது ரோசா வடிவம் இல்லையே’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். இந்த மூன்றையும் வைத்துப் பழகியவர்கள் பிறகு மற்றவற்றை நாடலாம்.

நுவரெலியாவில் வாங்கிவந்த செடி இரண்டு மாதத்தில் கரைந்துபோனது. தண்ணீரைக் கூட்டினேனா, குறைத்தேனா?

பெரும்பாலும் இரண்டுமில்லை. நீங்கள் வாங்கியது எச்செவேரியாவாக இருக்கும். அது மெக்சிக்கோவின் உயர்ந்த மலைச்சரிவுகளில் வளர்வது. அங்கே பகல் வெயில் கடுமையாக இருந்தாலும் இரவு குளிர்ந்துவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கும் அது தாய்வீட்டில் போலச் செழிக்கிறது. கிளிநொச்சியில் வைகாசி, ஆனி மாதங்களில் பல இரவுகள் 25 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதே இல்லை.

இரவுச் சூடு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இந்தச் செடிகள் மூச்சுவிடும் முறை வேறு. சாதாரணச் செடிகள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கின்றன. இவையோ நீர் ஆவியாகிப் போகாதிருக்கப் பகல் முழுவதும் இலைவாய்களை மூடிவைத்து, இரவில் திறந்து எடுத்ததை அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்குகின்றன. இரவும் கொதித்துக்கொண்டிருந்தால் திறப்பது குறைகிறது. சேமித்து வைத்ததும் சுவாசத்திலேயே செலவாகிவிடுகிறது. செடி நாளுக்கு நாள் கைமுதலைத் தின்று மெலிகிறது. மெலிந்த செடியின் அடியில் கொஞ்சம் ஈரம் தங்கினால் போதும், அழுகல் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரிவது அழுகல். அதற்கு முன்பே நடந்தது பட்டினி.

கடையில் பெயர் எழுதி வைப்பதில்லை. ஹவோர்த்தியாவா எச்செவேரியாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இலையை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். எச்செவேரியா இலை அகன்று, கரண்டி போலக் குழிந்து, பலவற்றில் சாம்பல் பூசியது போன்ற வெண்பொடியோடு இருக்கும். தொட்ட இடத்தில் விரல் அடையாளம் பதியும். அந்தப் பொடி மெழுகு. வெயிலிலிருந்து இலையைக் காக்கிறது. ஒருமுறை துடைத்த இலையில் அது மீண்டும் வராது என்பதால், சும்மா தொட்டுப் பார்ப்பதைத் தவிர்ப்பது கடைக்காரருக்கும் நல்லது. ஹவோர்த்தியா இலை ஒடுங்கி, விறைத்து, நுனி கூர்மையாக இருக்கும். வரியுள்ள வகையில் வெள்ளைக் கோடுகள் தட்டையான நிறமல்ல. சிறு முத்துகள் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கும். விரலை ஓட்டினால் சொரசொரப்புத் தெரியும்.

பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். எச்செவேரியா செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு மணிகள் போலப் பூக்கும். ஹவோர்த்தியா கம்பி போன்ற நீண்ட காம்பில் சிறிய வெள்ளைப் பூ விடும்.

வரி ஹவோர்த்தியாவிலும் இரண்டு உண்டு. இலையின் வெளிப்புறத்தில் மட்டும் வரியிருந்து உட்புறம் வழுவழுப்பாக இருந்தால் அது ‘ஃபாசியாட்டா’. இருபுறமும் முத்துகள் இருந்தால் ‘அட்டெனுவாட்டா’. சந்தையில் முதற் பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி இரண்டாவதுதான். 2013 இல் தாவரவியலாளர்கள் இந்த இரண்டையும் ஹவோர்த்தியோப்சிஸ் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைகளில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. வளர்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

நுனி கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஒரு வகை இருக்கிறதே, அதுவும் இங்கே வருமா?

அது ஹவோர்த்தியா கூப்பெரியும் அதன் உறவுகளும். இயற்கையில் செடி மண்ணுக்குள் புதைந்து, இலை நுனி மட்டும் வெளியே தெரியும். அந்தக் கண்ணாடி நுனி வழியாக வெளிச்சம் உள்ளே இறங்கும். வரும், ஆனால் வரி வகையைவிட மென்மையானது. கோடையில் வேர்கள் காய்ந்து உதிர்ந்துவிடலாம். வரி ஹவோர்த்தியாவை ஒரு முழுக் கோடை காப்பாற்றியவர்கள் வாங்கலாம் என்பதே என் கருத்து.

வீட்டுக்குள் எந்த இடத்தில் வைப்பது? தெற்கு யன்னல் நல்லது என்று வாசித்தேன்.

தெற்கு யன்னல் என்பது ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற இடங்களுக்கு எழுதியது. அங்கே சூரியன் எப்போதும் தெற்கு வானத்தில் சாய்ந்தே போகும். நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அதன் பிறகு ஆவணி நடுப்பகுதி வரை வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. மீண்டும் உச்சியைக் கடந்து, மாரி காலத்தில்தான் தெற்கே இறங்குகிறது. அப்போது வானம் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆகவே கோடையில் எங்கள் தெற்கு யன்னலுக்கு நேர் வெயிலே வராது.

எங்களுக்குச் சிறந்தது கிழக்கு யன்னல். காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை இளவெயில், பிறகு நிழலான வெளிச்சம். ஹவோர்த்தியா தன் சொந்த நிலத்தில் பற்றைகளின் அடியிலும் புல்லின் மறைவிலும் வளர்வதால் இந்த அளவே அதற்குப் பொருத்தம். மேற்கு யன்னலைத் தவிருங்கள். பிற்பகல் மூன்று மணி வெயில் கண்ணாடி வழியாக விழும்போது சின்னச் சாடியின் மண்ணே சுடும், வேர் வெந்துவிடும். வேறு வழியில்லை என்றால் மெல்லிய வெள்ளைச் சேலைத் துணியைத் திரையாகப் போடுங்கள்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. காலை பத்து மணியளவில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஓர் அடி உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் பிரிந்து தெரியும் தெளிவான நிழல் விழுந்தால் கிராப்டோபெட்டலத்துக்கும் போதும். ஓரம் மங்கலாக, ஆனால் கை என்று தெரியும் நிழல் விழுந்தால் ஹவோர்த்தியாவும் கஸ்டீரியாவும் வைக்கலாம். நிழலே விழவில்லை என்றால் குட்டை மருளைத் தவிர வேறெதையும் அங்கே வைக்காதீர்கள்.

எங்கள் வீடு தகரக் கூரை. பகலில் உள்ளே நிற்கவே முடியாது. செடி வைக்கலாமா?

வைக்கலாம். உயரத்தில் வைக்காதீர்கள். சூடு மேலே தேங்கும். அலுமாரியின் தலையில் இருப்பதற்கும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சீமெந்துத் தரையோரம், காற்றுக்காகத் துளைவிட்ட கல் பதித்த சுவரின் பக்கம் ஒரு தாழ்வான பலகை போதும். இரவில் யன்னல் திறந்திருக்கும் அறையைத் தெரிவு செய்யுங்கள். தகரம் பொழுதுபட்டதும் விரைவாகக் குளிர்ந்துவிடும் என்பதால், பகல் முழுதும் சூடேறிய கொங்கிறீற் தட்டுக் கூரையைவிட இரவில் உங்கள் வீடு செடிக்குச் சுகமாகவே இருக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும்?

நாள் கணக்கு வைத்து விட வேண்டாம். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை எடுத்து, சாடியின் ஓரமாக அடிவரை மெல்லக் குத்தி, சிறிது நேரம் விட்டு உருவிப் பாருங்கள். ஈர்க்கில் மண் ஒட்டியிருந்தாலோ, கன்னத்தில் வைத்தால் குளிர்ந்தாலோ தண்ணீர் வேண்டாம். காய்ந்து சுத்தமாக வந்தால் விடலாம். விடும்போது அடித்துளையால் ஒழுகும் வரை விட்டு, பிறகு முழுதாகக் காய விடுங்கள். தினமும் ஒரு கரண்டி தெளிப்பதுதான் மிகக் கெட்ட பழக்கம். மேல்மண் எப்போதும் நனைந்திருக்கும், அடிவேர் எப்போதும் காய்ந்திருக்கும்.

ஒரு மட்டம் வேண்டுமென்றால், கச்சான் என்னும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் மூன்று அங்குல மண்சாடிக்கு 10 முதல் 14 நாட்கள் ஆகலாம். அந்தக் காற்று யன்னல் வழியாகவே மண்ணை உலர்த்திவிடும். பிளாஸ்டிக் சாடி இன்னும் தாமதமாகக் காயும். பொழுது சாய்ந்த பிறகு விடுங்கள். இந்தச் செடிகள் விழித்திருப்பது இரவில். கோடை உச்சத்தில் ஹவோர்த்தியா வளராமல் நின்றுவிடும். அது ஓய்வு. வளரவில்லையே என்று தண்ணீரைக் கூட்டினால் கெடுத்துவிடுவீர்கள்.

செடியும் சொல்லும். இலை மெலிந்து உள்ளே மடங்கினால் தாகம். அடியிலை மஞ்சளாகி, ஊதியதுபோல் நீர் கோத்து, தொட்டால் பிய்ந்து வந்தால் நீர் மிகை. அடியிலை ஒன்றிரண்டு கடதாசி போலக் காய்ந்து போவது மூப்பு. அதற்காகப் பயப்பட வேண்டாம்.

மாரியில் என்ன செய்வது? மழையே விடுவதில்லையே.

எங்கள் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கிறது. வீட்டுக்குள் மழை படாவிட்டாலும் காற்றே நனைந்திருக்கும். ஈர்க்கைக் குத்திப் பாருங்கள்; மூன்று நான்கு கிழமைக்குக் கூடக் காயாமல் இருக்கும். காயாவிட்டால் விடாதீர்கள், அவ்வளவுதான். யன்னலருகே சாரல் அடித்தால் உள்ளே நகர்த்துங்கள். இலைகளின் நடுக்குழியில் தண்ணீர் தேங்கினால் துணி நுனியால் ஒற்றி எடுங்கள்.

மாரி ஓய்ந்து வாடைக்காற்றோடு இரவுகள் குளிரும் தை, மாசியில்தான் இவை எங்கள் பக்கம் நன்றாக வளர்கின்றன. கன்று பிரிப்பது, சாடி மாற்றுவது எல்லாவற்றையும் அந்த மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிணற்று நீர் கேத்தலில் வெள்ளையாகப் படிகிறது. செடிக்கு விடலாமா? வடிகட்டிய குடிநீர் விட வேண்டுமா?

குடிநீரை விட வேண்டாம். குடிநீருக்காகப் போத்தலோடு வரிசையில் நிற்கும் வீடுகள் இன்னும் இருக்கும் ஊரில் அதைச் சாடியில் ஊற்றத் தேவையில்லை. இந்தச் செடிகளுக்கு அது அவசியமும் இல்லை. கிணற்று நீரையே விடலாம். இலையில் படாமல் மண்ணில் விட்டால் வெள்ளைத் திட்டு வராது. காலப்போக்கில் உப்பு மண்ணில் சேரும். மாரியில் ஒருநாள் மழைநீரை வாளியில் பிடித்து, சாடி வழியாகத் தாராளமாக ஓடவிட்டுக் கழுவுங்கள். உவர் நீர்க் கிணறு என்றால் மட்டும் மழைநீரைச் சேமித்து வைத்து விடுவது நல்லது. மூடிய போத்தலில் வையுங்கள்.

மண் எப்படிக் கலப்பது? வயல் மண் போடலாமா?

வயல் மண்ணைப் போடவே வேண்டாம். நெல்லுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் அதே குணம் இவற்றைக் கொல்லும். கடையிலிருந்து வரும் சாடியில் இருக்கும் தென்னந்தும்புத் தூளும் ஆபத்தானது: நனைந்தால் நாட்கணக்கில் ஈரம் பிடிக்கும். வாங்கிய கிழமையே அதை உதிர்த்து மாற்றிவிடுங்கள்.

எங்கள் பக்கம் காசு கொடுக்காமலே நல்ல கலவை செய்யலாம். வீதிக்குப் போடும் கிரவலைச் சலித்து, மிளகு முதல் கொண்டைக்கடலை அளவு வரையுள்ள கல்லை எடுத்து, செம்மண் தூசு போகக் கழுவிக் காய வையுங்கள். அதில் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைப் பசளை ஒரு பங்கு. உமிக்கரிக்கு நெல் ஆலையடியில் விசாரித்தால் போதும். அதைத் தண்ணீரில் ஒருமுறை அலசிப் போடுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரை மணலை நேரே அள்ளிப் போடுவதைக் கண்டிருக்கிறேன். உப்பு வேரைக் கருக்கிவிடும். ஆற்று மணலும் தூள் மணலாக இருந்தால் கல்போல இறுகும்.

கலவை சரியா என்று பார்க்க, ஒரு கைப்பிடியை நனைத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறவுங்கள். உருண்டையாக நின்றால் கல் போதாது. உதிர்ந்தால் சரி.

யோகட் கோப்பையில் வைக்கலாமா?

தாராளமாக. அடியில் சூடான ஆணியால் நாலைந்து துளை போடுங்கள். ஹவோர்த்தியாவின் வேர் சிறியது, அந்த அளவே போதும். துளையில்லாத பீங்கான் கோப்பையிலோ கண்ணாடிப் போத்தலிலோ மட்டும் நடாதீர்கள். அடியில் கல் போட்டாலும் தண்ணீர் வெளியே போக வழியில்லை.

சாடிக்கு அடியில் தட்டு வைத்தால் ஒழுகிய தண்ணீரை அன்றே ஊற்றிவிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிட அந்தத் தட்டே போதும். ஏழெட்டு நாளில் முட்டை நுளம்பாகிவிடும். மாரியில் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும் முதல் இடங்களில் பூச்சாடித் தட்டும் ஒன்று.

செடி தண்டு விட்டு உயர்ந்து, இலைகள் விலகிப் போகின்றன. நன்றாக வளர்கிறது என்று எடுக்கலாமா?

வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது. நீண்ட பகுதி மீண்டும் குறுகாது. மேலே சொன்ன கை நிழலைப் பார்த்து இடத்தை மாற்றுங்கள். ஆனால் ஒரேயடியாக வெயிலுக்குக் கொண்டுபோகக் கூடாது. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக யன்னலுக்கு அருகே நகர்த்துங்கள். எச்செவேரியாவும் கிராப்டோபெட்டலமும் என்றால் தலையை ஓரங்குலத் தண்டோடு வெட்டி, வெட்டு வாய் காயும் வரை நாலைந்து நாள் நிழலில் வைத்து, உலர்ந்த மண்ணில் ஊன்றலாம். அடித்தண்டிலும் புதுத் தலைகள் வரும்.

மாறாக இலை செந்நிறமாகிவிட்டது. நோயா?

வரி ஹவோர்த்தியா கபில நிறமாவதும் கற்றாழை சிவப்பதும் வெயில் மிகையானதன் அடையாளம். இலை விறைப்பாக இருந்தால் நிழலுக்கு நகர்த்துங்கள், சில கிழமைகளில் பச்சை திரும்பும். இலையில் வெளிறிய, காய்ந்த திட்டு விழுந்திருந்தால் அது தீக்காயம். அந்த இலை விழும்வரை தழும்பு இருக்கும். வேர் இல்லாத செடியும் சிவக்கும். மெல்ல ஆட்டிப் பாருங்கள். சாடியில் ஆடினால் வெளியே எடுத்து வேரைப் பாருங்கள்.

பூத்தால் செத்துவிடும் என்று பக்கத்து வீட்டு அன்ரி சொல்கிறார். பூவை வெட்டிவிடவா?

அன்ரி சொல்வது செம்பர்விவத்துக்கும் நீலக்கற்றாழை வகைகளுக்கும் சரி. குலை தள்ளிய வாழை போல, பூத்த தலை அத்தோடு முடிந்து பக்கக் கன்றுகள் தொடரும். ஹவோர்த்தியா, கஸ்டீரியா, எச்செவேரியா, கிராப்டோபெட்டலம் எதுவும் பூத்ததனால் சாகாது. குட்டை மருள் பூத்தால் அந்தத் தலை மேலே புதிய இலை விடாது. ஆனால் நெடுநாள் இருந்து பக்கத்தில் கன்று விடும். செடி மெலிந்திருந்தால் பூக்காம்பை வெட்டலாம். கொழுத்திருந்தால் பூக்க விடுங்கள்.

ஓர் இலையை நட்டால் செடி வருமா?

கிராப்டோபெட்டலத்தில் கிட்டத்தட்ட நிச்சயம். கீழே விழுந்த இலையே கிடந்த இடத்தில் வேர் விடும். எச்செவேரியாவில் இலை அடிமுனை முறியாமல் முழுதாகக் கழன்று வந்தால் வரும். மருள் இலைத் துண்டிலும் வரும். ஆனால் மஞ்சள் ஓரமுள்ள வகையில் இலைத் துண்டிலிருந்து வரும் கன்று பச்சையாகிவிடும், ஓர நிறம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரிக்க வேண்டும். ஹவோர்த்தியாவில் இலை முயற்சி நெடுங்காலம் எடுக்கும். அது தானாகவே அடியில் கன்று ஈனும். கன்று தாயில் மூன்றில் ஒரு பங்கு அளவு வந்ததும், சொந்த வேர் இருக்கிறதா என்று பார்த்துப் பிரியுங்கள்.

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல இருக்கிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது.

சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி. பருத்தியிலும் பப்பாசியிலும் காண்பதன் உறவு. பார்மசியில் வாங்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள். மாலையில் செய்யுங்கள், ஒரு கிழமை இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள். எச்செவேரியாவில் வெண்பொடி போகும் என்பதால் பூச்சி இருக்கும் இடத்தை மட்டும் தொடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் இரண்டைப் பாருங்கள்: எறும்பு ஏறுகிறதா, வேரிலும் பூச்சி இருக்கிறதா. எறும்புகள் மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அதைக் காவல் காத்துச் சுமந்து திரியும். வேரில் வெள்ளைப் பொடி இருந்தால் மண்ணை முழுதாகக் கழுவி எறிந்து, வேரைக் காயவிட்டு, புதுக் கலவையில் நடுங்கள்.

இதுவும் கற்றாழைதானே, சோற்றை எடுத்துத் தலைக்குப் பூசலாமா? பிள்ளை, பூனை கடித்தால் என்ன?

பூச வேண்டாம். கற்றாழைக் கூட்டம் என்பதற்காக எல்லாம் சோற்றுக் கற்றாழை ஆகிவிடாது. தேவையென்றால் முற்றத்தில் சோற்றுக் கற்றாழையே நடுங்கள். ஹவோர்த்தியாவும் எச்செவேரியாவும் பூனை, நாய்க்கு நஞ்சில்லாதவை. தவழும் பிள்ளையும் பூனையும் உள்ள வீட்டுக்கு ஹவோர்த்தியாவை முதலில் சொல்வேன். மருளைக் கடித்தால் வாந்தி, வயிற்றோட்டம் வரலாம். அதை எட்டாத இடத்தில் வையுங்கள்.

படுக்கையறையில் வைத்தால் இரவில் ஒட்சிசன் தருமாம், காற்றைச் சுத்தமாக்குமாம். உண்மையா?

இரவில் இவை காபனீரொட்சைட்டை எடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஒட்சிசன் உண்டாவது பகல் வெளிச்சத்தில்தான். ஒரு சாடி எடுப்பதும் விடுவதும் ஓர் அறைக்குக் கணக்கிலேயே வராது. காற்றுச் சுத்திகரிப்புக் கதை, நாசா 1989 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. அது அடைத்த சிறு பெட்டிகளுக்குள் செய்த ஆய்வு. யன்னல் திறந்திருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. கெடுதலும் இல்லை. பிடித்தால் படுக்கையறையில் வையுங்கள்.

இணையத்தில் நீல நிறம், வானவில் நிறம் எல்லாம் விதையாக விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். கடும் நீலமும் வானவில் வரியும் படத்தில் ஏற்றிய நிறங்கள். முளைத்தால் வேறு ஏதோ செடி வரும். கடையில் பளிச்சென்ற நிறத்தில் செடியாகவே இருந்தால் நடுவில் விரியும் புது இலையைப் பாருங்கள். அது பச்சையாக இருந்து மற்றவை மட்டும் நிறமாக இருந்தால் சாயம் பூசியிருக்கிறார்கள். மேலே கல்லை ஒட்டுப்பசையால் ஒட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பசைக்குக் கீழே மண் காயாது.

எல்லாம் புரிகிறது, ரீச்சர். ஆனாலும் எனக்கு எச்செவேரியாதான் வேண்டும். வழியே இல்லையா?

இருக்கிறது, உழைப்புத் தேவை. முதலில் கிராப்டோபெட்டலத்தைப் பாருங்கள். அதே மெக்சிக்கோ, அதே குடும்பம், அதே சாம்பல் மெழுகு, அதே ரோசா அடுக்கு. எச்செவேரியாவைவிட வெக்கையை நன்றாகத் தாங்கும். வீட்டு நடுவில் வராது. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் படும் யன்னல் விளிம்போ விறாந்தையோ வேண்டும். பத்தில் எட்டுப் பேருக்கு ஆசை இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

அதற்கும் மேல் எச்செவேரியாவே வேண்டுமென்றால் பங்குனி, சித்திரையில் வாங்காதீர்கள். மாரி முடிந்ததும் தையில் வாங்குங்கள். வெக்கை வருமுன் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். தும்புத் தூளை உதறி, கிரவல் பங்கை மூன்றாக்கி, சின்ன மண்சாடியில் நடுங்கள். தடித்த, பொடி பூத்த இலையுள்ளதைத் தெரிவு செய்யுங்கள். மெல்லிய இலை, மயிர் படர்ந்த இலை உள்ளவை முதலில் போகும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, பொழுதுபட்டதும் காற்று நன்றாக ஓடும் இடத்துக்கு எடுத்து வையுங்கள். மின்விசிறியின் காற்றுப் பட்டாலும் நல்லது. அந்த மாதங்களில் இலை சுருங்கிய பிறகே தண்ணீர், அதுவும் பாதியளவு. அடியிலைகள் உதிரும், உதிர்ந்ததை அன்றே பொறுக்கிவிடுங்கள், அழுகல் அங்கிருந்துதான் தண்டுக்கு ஏறும்.

செம்பர்விவத்துக்கும் ஏயோனியத்துக்கும் இந்த வழியையும் நான் சொல்ல மாட்டேன். முன்னதற்கு உறைபனிக் குளிர் வேண்டும். பின்னது கோடை முழுதும் உறங்கி, எங்கள் கோடை முடியுமுன் காய்ந்துவிடும். அந்தக் காசுக்கு இரண்டு ஹவோர்த்தியாக் கன்று வாங்கலாம். கன்று பெருகியிருக்கும் வீடு உங்கள் ஒழுங்கையிலேயே ஒன்று இருந்தால், தையில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காசே வாங்க மாட்டார்கள்.